24 மணி நேர வில்லை

கடையில் கொடுத்தால் ஒரு டீகூடக் கிடைக்காது. பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ வார்த்த சின்ன வட்ட வில்லை. அதில் பொறித்திருப்பது '24 மணி நேரம்'. அமெரிக்காவில் குடியை விட விரும்புவோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. கூட்டங்கள் பலவற்றில், முடியும் தறுவாயில் ஒருவர் கேட்பார்: "இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்து பார்க்க யாராவது வருகிறீர்களா?" எழுந்து போகிறவர் கையில் இதை வைப்பார்கள். அறையே கைதட்டும். அந்தக் கைக்கு இது வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இதன் மூதாதை அயர்லாந்தில் பிறந்தது. 1838இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ மதுவிலக்கு இயக்கம் தொடங்கினார். இனித் தொடமாட்டேன் என்று அவர் முன் சத்தியம் செய்தவர்களுக்குப் பதக்கம் தந்தார்கள். லட்சக்கணக்கில் சனம் திரண்டது. செலவு ஏறியது, பதக்கம் செய்து கொடுத்தவருக்கு வைத்த பாக்கிக்காக டப்ளினில் மேத்யூ கைதாகும் அளவுக்குப் போனது. பிறகு பெரும்பஞ்சம் வந்தது, 1856இல் அவரும் மறைந்தார், அலை வடிந்தது. ஆயுளுக்குமான சத்தியத்தைக் கூட்டத்தோடு எடுத்தவர் சாராயக் கடை வாசலில் தனியாக நிற்க வேண்டியிருந்தது. அந்நேரம் பாதிரியார் வேறு ஊரில் இருந்தார்.

அடுத்த ஊர், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன். 1935 மே மாதம் நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், தொழில் விவகாரத்தில் தோற்று மேஃப்ளவர் ஓட்டலில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. பாதிரியார் ஒருவரைக் கூப்பிட்டு, தான் பேசுவதற்கு இந்த ஊரில் இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் ஜூன் 10ஆம் தேதியையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

குடிநோயாளிக்குப் படுக்கை தர ஆஸ்பத்திரிகள் தயங்கிய காலம் அது. 1939 ஆகஸ்டில் ஆக்ரன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், அயர்லாந்தில் பிறந்த கன்னியாஸ்திரி இக்னேஷியா, டாக்டர் பாபின் நோயாளி ஒருவரை 'இரைப்பை அழற்சி' என்று பதிந்து உள்ளே சேர்த்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அங்கே தேறினார்கள். வீடு திரும்புகிறவருக்கு இயேசுவின் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார் இக்னேஷியா. நிபந்தனை ஒன்றுதான்: மறுபடி குடிப்பதாக இருந்தால், முதலில் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ. மேத்யூவின் பதக்கத்துக்கு இல்லாத பலம் இதற்கு வந்தது. குடிக்கும் முன் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

கூட்டங்களில் வில்லை கொடுக்கும் வழக்கம் 1942 வாக்கில் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கியதாக நம்பப்படுகிறது. பிறகு ஊருக்கு ஒரு நிறமும் முறையும் வந்தன. 30 நாள், 60 நாள், 90 நாள், ஆறு மாதம். ஆண்டு நிறைந்தால் ரோமன் எண் பொறித்த வெண்கல மெடல். தலைமையகம் இவற்றைத் தயாரிப்பதில்லை. தனியார் வார்க்கிறார்கள், கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குழு முடிவு செய்கிறது. பத்தாண்டு மெடல் வைத்திருப்பவர் சறுக்கினாலும் திரும்பி வந்து 24 மணி நேர வில்லையிலிருந்து தொடங்கலாம். மூத்த உறுப்பினர் தன் பழைய வில்லையைப் புதியவருக்குக் கொடுப்பதும் உண்டு.

சத்தியம் ஆயுளிலிருந்து ஒரு நாளாகச் சுருங்கியது. சாட்சி பெருங்கூட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து பேராகக் குறைந்தது. அப்படிச் சிறுத்ததால்தான் அது பிழைத்தது என்பேன்.

தமிழ்நாட்டிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர். முதல் நாள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. ஒரு எச்சரிக்கை: தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு கூட்டத்துக்குப் போங்கள். முதல் கூட்டம் ஒட்டாவிட்டால் வேறு குழுவையும் பாருங்கள். வில்லை தரும் வழக்கம் அங்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குடிக்கத் தோன்றும்போது கூப்பிட ஒருவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.