உயரமான மலையும் உயரமாகத் தெரிந்த மலையும்

இலங்கையின் உயரமான மலை எது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகூட பிதுருதலாகல என்று சொல்லிவிடும். 2,524 மீட்டர். ஆனால் பல நூற்றாண்டுகளாக வெளியுலகம் வைத்திருந்த விடை வேறு: சிவனொளிபாத மலை. அது 2,243 மீட்டர்தான். முதல் மூன்று இடங்களில்கூட இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கும் கிரிகல்பொத்த, தொட்டுபொல கந்த இரண்டுமே அதைவிட உயரம்.

1344இல் இந்த மலை ஏறிய இப்னு பதூதா, ஒன்பது நாள் பயண தூரத்திலிருந்தே கடலில் இது தெரிந்ததாக எழுதிவைத்தார். கொஞ்சம் ஓவர்தான். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், இந்த உயரத்துக்குக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்வரைதான் பார்வைக்கு எட்டும். ஆனாலும் அவர் பிரமித்தது புரிகிறது. இது மலைநாட்டின் விளிம்பில் கூம்பு மாதிரி தனித்து நிற்கிறது. தென்மேற்கே இருக்கும் இரத்தினபுரி நகரம் 200 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட முழு மலையும் கண்முன் எழும்பும்.

பிதுருதலாகல கதை தலைகீழ். அடிவாரத்து நுவரெலியாவே சுமார் 1,870 மீட்டரில் இருக்கிறது. மிச்சம் 650 மீட்டர்தான் மலையாகத் தெரியும், அதுவும் மொழுக்கென்று. நாற்காலியில் ஏறி நிற்கும் குள்ளன் கதைதான்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி ராபர்ட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 வருடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர். மலைநாட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர். அவரும் 1681இல் வெளியான தன் புத்தகத்தில் சிவனொளிபாத மலையைத்தான் தீவின் மிக உயரமானதாகக் கருதப்படுவது என்கிறார். 'கருதப்படுவது' என்று ஜாக்கிரதையாகச் சொன்னாரே, அதைக் கவனியுங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தைத்தான் ஆண்டார்கள். கண்டி 1815இல் ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகே உள்மலைகள் அவர்களுடைய அளவுக்கும் வரைபடத்துக்கும் வந்தன. ஜோன் டேவி என்ற மருத்துவர் நுவரெலியா பக்கம் போனது 1819இல்.

அளந்து முதலிடம் கிடைத்த பிதுருதலாகலவுக்கு வந்து சேர்ந்தது தொலைக்காட்சிக் கோபுரமும், நீண்ட காலப் பாதுகாப்பு வலயமும். தோற்ற மலைக்கு, மார்கழி தொடங்கி வைகாசி வரைக்கும், நல்லதண்ணிப் பக்கமிருந்து இராத்திரி முழுக்க சனம் ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சியில் இருப்பது புத்தர் பாதம், சிவன் பாதம், ஆதம் பாதம் என்று ஆளுக்கொரு பெயர். உயரம் எத்தனை மீட்டர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.