கண்ணாடிப் பேழைக்குள் கடலொளி

மனிதன் தன் இல்லத்திற்குள் கொண்டுவர விரும்பாத இயற்கைப் பொருள் ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. காட்டைத் தொட்டிச் செடியாகக் கொண்டுவந்தான். வானத்துப் பறவையைக் கூட்டிலே அடைத்துக் கொண்டுவந்தான். ஆற்று மீனைக் கண்ணாடிக் குடுவையில் நீந்தவிட்டு மகிழ்ந்தான். ஆயினும் நெடுங்காலம் அவனுக்கு வசப்படாமல் நின்றது ஒன்று உண்டு. அதுதான் கடலடியில் வாழும் பவளத்திட்டு. அதற்குக் காரணம் உப்பு நீர் அன்று, மீனும் அன்று. ஒளியே அதற்குக் காரணம். அந்த ஒளியை மனிதன் எவ்வாறு அறிந்தான், எவ்வாறு ஆக்கினான் என்னும் வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர் நன்கறிவர்: பவளம் என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு உயிர்களைக் குறித்து வருகிறோம். நம் சங்கப் புலவர்கள் துகிர் என்று போற்றிய செம்பவளம் மத்தியதரைக் கடலின் மங்கிய ஒளியில், பாறை நிழல்களில் வளர்வது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்புளூசு, முசிறித் துறையில் வந்திறங்கிய பொருள்களின் வரிசையில் பவளத்தையும் சேர்த்துக் கூறுகிறது. பெரியாறு கடலோடு கலக்கும் பகுதியிலே விளங்கிய அத்துறையில் மிளகு ஏறியது, பவளம் இறங்கியது. உரோமானியர் முத்தை மதிப்பதைப் போன்றே நம்மவர் பவளத்தை மதித்தனர் என்று உரோமானிய ஆசிரியர் பிளினி எழுதினார்.

ஆனால் நம் மன்னார் வளைகுடாவில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும் பவளம் வேறு. நம் மீனவர் கடலடிப் பாறையைப் பார் என்பர். அப்பார்களின் மேல் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் சிறு உயிர்களே பவளத்திட்டை எழுப்புகின்றன. செம்பவளம் இருளை நாடும். இதுவோ ஒளியின்றி உயிர் வாழாது. ஒரே பெயர் தாங்கிய இவ்விரண்டின் வேறுபாட்டை உலகம் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களைப் பேணும் கலை இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே உருப்பெற்றது. 1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர் மீனும் நீர்த்தாவரமும் ஒன்றையொன்று வாழவைக்கும் முறையை வெளியிட்டார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே பிலிப் ஹென்றி காசு எழுதிய நூல் வீடுகள்தோறும் இவ்வார்வத்தைப் பரப்பியது. இந்தியாவிலே முதல் மீன் காட்சிச் சாலை அமைந்த பெருமை நம் சென்னைக்கே உரியது. 1909-ஆம் ஆண்டில் மெரீனாக் கடற்கரையில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இவ்விடங்களில் எல்லாம் மீன்கள் வாழ்ந்தன. திட்டுப் பவளமோ, கொண்டுவந்த சில நாள்களிலே வெளிறி, மெலிந்து, வெறும் எலும்புக் கூடாய் நின்றது. உணவு போதவில்லை என்று சிலர் கருதினர். நீர் தூயதன்று என்று சிலர் கருதினர்.

விடையின் முதற் குறிப்பு 1881-இல் கிடைத்தது. கார்ல் பிராண்டு என்னும் செருமானிய அறிஞர், இத்தகைய உயிர்களின் உடலுக்குள் பொன்னிறமான நுண்பாசிகள் குடியிருப்பதைக் கண்டு அவற்றிற்குப் பெயரிட்டார். 1928-இல் யாங்கு என்பாரின் தலைமையிலே ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆய்வுக் குழு, பவளங்களை இருட்டிலே வைத்துப் பார்த்தது. உள்ளிருந்த பாசியை அவை வெளியேற்றி வெளிறின. 1959-இல் ஜமைக்காவில் ஆராய்ந்த கோரோ, ஒளியிலே வைத்த பவளம் இருளிலே வைத்ததினும் பல மடங்கு விரைவாகச் சுண்ணாம்பைப் படிய வைக்கிறது என்று காட்டினார். உண்மை தெளிவாயிற்று. பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைக்கிறது. அவ்வுணவிற் பெரும்பகுதியைத் தனக்கு இடங்கொடுத்த பவளத்திற்கு அளிக்கிறது. குடியிருப்போன் வாடகையாகச் சோறு இடுகிறான் என்றால் பொருந்தும். பவளத்தை வளர்ப்பது என்பது அதனுள் இருக்கும் தோட்டத்தை வளர்ப்பதே ஆகும்.

அத்தோட்டத்திற்கு எத்தகைய ஒளி வேண்டும்? இவ்விடத்தில் நம் நாட்டு அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா என்னும் கப்பலில் திரும்பி வந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. கடலின் நிறம் வானத்தின் எதிரொளியே என்பது அக்காலத்துப் பெரியோர் கொள்கை. இராமன் ஒரு சிறு பட்டகத்தால் அவ்வெதிரொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் மிகுந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் எழுதிய கட்டுரை அவ்வாண்டு நவம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதனோடு நீர் செந்நிற ஒளியை விழுங்கிவிடும் இயல்பும் சேர்ந்தே கடலை நீலமாக்குகிறது என்று இன்று அறிகிறோம். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. எஞ்சி இறங்குவது நீலமே. கடலடிப் பாசியும் அந்நீலத்தை ஏற்கும் நிறப்பொருள்களையே தன்னிடத்தில் பெருக்கி வைத்திருக்கிறது.

ஒளியின் இயல்பு தெரிந்தும், அதனை வீட்டிற்குள் ஆக்குவது எளிதாயிருக்கவில்லை. சகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் தம் முறையை வெளியிட்டார். உயிருள்ள கடற்பாறை, காற்றுக் குமிழி, நேரே விழும் வெயில் ஆகிய மூன்றே அவருடைய கருவிகள். வெப்ப நாட்டு வெயில் அவருக்குத் துணை நின்றது. அத்தகைய வெயில் இல்லாத ஐரோப்பியர் என் செய்வர்? 1980-களில் பெர்லின் நகரத்து அன்பர்கள் உலோக ஹாலைடு விளக்குகளைத் தொட்டியின்மேல் தொங்கவிட்டுக் கற்பவளத்தைச் செழிக்கச் செய்தனர். அது பெரிய வெற்றி. ஆயினும் 250 வாட்டும் 400 வாட்டும் ஆகிய அவ்விளக்குகள் அடுப்புபோற் கனன்றன. சூடேறிய நீரைக் குளிர்விக்க மற்றோர் இயந்திரம் வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை விளக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. செல்வர் அல்லாதார்க்கு இது எட்டாக் கனியாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது எல்.இ.டி. என்று எல்லாரும் வழங்கும் ஒளியுமிழ் இருமுனையம். இதன் கதை நீண்டது. 1907-இலேயே ஹென்றி ரவுண்டு என்பவர், மின்சாரம் பாய்ந்த படிகம் ஒன்று மங்கலாக ஒளிர்வதைக் கண்டு குறித்து வைத்தார். 1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியுமிழியை ஆக்கினார். பச்சையும் பின்னர் வந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கண்ணாமூச்சி ஆடியது. காலியம் நைட்ரைடு என்னும் பொருளைப் பழுதில்லாப் படிகமாக வளர்ப்பது அத்துணை அரிதாயிருந்தது. நகோயாவில் அகாசாகியும் அவர்தம் மாணவர் அமானோவும், தொகுஷிமாவில் நகமுராவும் விடாது முயன்றனர். 1993-இல் ஒளிமிக்க நீல எல்.இ.டி. வெளிவந்தது. 1996-இல் நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசி வெண்ணிற எல்.இ.டி. செய்யப்பட்டது. 2014-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இம்மூவர்க்கும் உரியதாயிற்று. உலகத்திற்கு வெள்ளை விளக்கு வேண்டியிருந்ததால் நீலத்தைத் தேடினர். பவளம் வளர்ப்போர்க்கோ அந்த நீலமே நேரடியாகப் பயன்பட்டது.

இதன் பயன் நம் எளிய இல்லங்களையும் எட்டியது. 2015 சனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலாத் திட்டத்தின் கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. ஏலப்பாறை போன்ற மலையூர்களில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இரவு ஒளிரும் விளக்கும், பெருநகர மாளிகையில் பவளத் தொட்டியின்மேல் ஒளிரும் விளக்கும் ஒரே கண்டுபிடிப்பின் பிள்ளைகளே. இவ்விடத்தில் இன்னுமோர் இயைபும் உண்டு. பெரியாற்றைத் தேக்கி, மூலமற்றத்தின் மலைக்குடைவிலே 1976 முதல் மின்சாரம் ஆக்குகிறார்கள். அதன் ஆற்றல் 780 மெகாவாட்டு. முன்னாளில் அதே ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் கடந்து பவளம் வந்திறங்கியது. இந்நாளில் அந்த ஆற்றின் நீர் பிறப்பிக்கும் மின்னொளி பவளத்தை வளர்க்கவும் வல்லதாயிற்று.

இனி, இல்லத்திலே இவ்விளக்கைக் கையாளும் முறையைச் சற்று நோக்குவோம். இதில் நம் கண்ணே நம்மை ஏமாற்றும். மனிதக் கண் பச்சை கலந்த மஞ்சளையே மிகப் பிரகாசமாக உணரும். நீலத்தைக் குறைவாகவே உணரும். ஆகவே நமக்கு மங்கலாகத் தோன்றும் நீல ஒளி, பாசிக்குக் கொளுத்தும் வெயிலாக இருக்கலாம். இதனை அறியாதார் விளக்கை முழு ஆற்றலில் எரியவிட, பவளம் சில நாள்களிலே வெளிறிப்போன கதைகள் பல. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் அளக்கும் கருவி உண்டு. வெப்ப மண்டலத்து நண்பகல் வெயில் ஏறத்தாழ 2000 காட்டும். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைவிடும் கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். தொடக்கத்தில் விளக்கைக் குறைத்து வைத்துச் சில வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்துவதே அறிவுடைமை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஒளி அமையும். எல்.இ.டி.யின் வெப்பம் நீரை நோக்கிப் பாயாமல் பின்புறத்து உலோகத் தகட்டின் வழியே வெளியேறுவதால், அங்கே காற்றோட்டம் தடைபடலாகாது. உப்பு நீர்த் துளியும் மின்னிணைப்பும் கூடினால் தீங்கு விளையும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவ்வளவும் அறிந்த பின்னர் ஒரு வினா எழாமல் இராது. தொட்டியில் வைக்கும் பவளம் எங்கிருந்து வரும்? இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. உலகத்துப் பவள அறிஞர்கள் 1969 சனவரியில் நம் மண்டபத்திலேதான் முதன்முதலாக ஒருங்கு கூடினர். அத்தகைய பெருமை வாய்ந்த கடலிலே பல ஆண்டுகளாகப் பவளத்தைச் சுண்ணாம்பிற்காக வெட்டி எடுத்து வந்தனர். அலையைத் தடுத்து நின்ற அரண் சிதைந்தது, கடல்மட்டமும் உயர்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. 2001-இல் திட்டு கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காவல் அவற்றிற்கும் உண்டாயிற்று. ஆகவே நம் கடற்பவளத்தை ஒடித்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். பவளமில்லாமல் மீனும் கல்லும் மட்டும் வைத்து மகிழ்வோர்க்கு இச்சட்டத்தால் இழப்பு ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் பவளத்திற்காக ஒளியை ஆராய்ந்ததெல்லாம் வீண்தானா? அன்று. இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் கதிரவன் எழுவதும் மறைவதும், திங்கள் வளர்வதும் தேய்வதுமாகிய ஒளி மாற்றங்களைத் தொட்டியின்மேல் நாள் தவறாது அமைத்து, வெப்பத்தையும் பருவந்தோறும் மாற்றி, பவளம் தன் முட்டைகளைக் குறித்த இரவில் வெளியிடுமாறு செய்தனர். 2019-இல் புளோரிடா மீன் காட்சிச் சாலையார் அவர்களோடு சேர்ந்து, அழிவின் விளிம்பில் நின்ற தூண் பவளத்தை இம்முறையால் முட்டையிடச் செய்தனர். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடல் சூடேறி நுண்பாசி வெளியேறும் அத்துயரம் நம் மன்னார் வளைகுடாவையும் முன்னரே தாக்கியிருக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் சிமிட்டிச் சட்டங்களின்மேல் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். இத்தகைய பணிகளுக்கு, பவளம் எவ்வொளியில் தளிர்க்கும், எவ்வொளியில் வாடும் என்று தொட்டிகளிலே கண்ட அறிவு துணை செய்யும்.

மலைமேல் வாழ்வோர்க்கு இதில் என்ன உறவு என்று கேட்கலாம். ஏலப்பாறை என்னும் பெயரிலே பாறை உண்டு; அதன் தேயிலைச் சரிவிலே நிழலும் வெயிலும் அளவறிந்து கலந்தால்தான் கொழுந்து சிறக்கும் என்பதை அங்குள்ள தொழிலாளர் தம் பட்டறிவால் அறிவர். கடலடிப் பாறையின் கதையும் அதுவே. மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்னும் முதுமொழி ஒளிக்கும் பொருந்தும். விளக்கை ஆக்கும் ஆற்றலை நாம் பெற்றுவிட்டோம். நம் கடலிலே கதிரவன் நாள்தோறும் விலையின்றி வளர்க்கும் பவளத்தை அதன் இடத்திலேயே வாழவிடும் பண்பையும் பெறுவோமாயின், இந்நெடிய ஆராய்ச்சி நிறைவு பெறும்.