மூன்று கடல் மைல்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். மீன்பிடித் தடைக்காலம். அங்காடியிலோ நெத்திலியும் சங்கராவும் குவிந்து கிடந்தன.

"தடைக்காலத்துல ஏதுக்கா மீனு?"

"லாஞ்சுக்குத்தான்பா தடை. நம்ம ஃபைபருக்கு இல்ல."

ஒரு விதியில் விலக்கு இருந்தால், அது ஏன் வந்தது என்று தோண்டாமல் என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்குத் தூக்கம் வராது. தோண்டியதில் 1905க்குப் போய்ச் சேர்ந்தேன்.

சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பு அந்த ஆண்டு சர் ஃபிரடெரிக் நிக்கல்சனிடம் வந்தது. விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் வேண்டுமென்று 1890களில் அறிக்கை எழுதிய அதே மனிதர். ஐரோப்பாவில் நீராவி டிராலர்கள் கடலை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. நிக்கல்சனோ ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கட்டுமரக்காரரை ஒதுக்கிவிட்டுப் பெரிய கப்பலுக்குத் தாவாமல், அவரையே படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தத் தீவு நாட்டில் கரையோரக் கடல் ஊருக்குச் சொந்தமானது போலவே நடத்தப்பட்டது. 1901 மீன்பிடிச் சட்டம் அந்த வழக்கத்தை ஊர் மீனவர் சங்கங்களின் உரிமையாக்கியது. 1949 சட்டத்தில் அது கூட்டுறவுச் சங்கங்களின் கைக்குப் போனது.

நாம் வேறு வழியில் போனோம். 1953ல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் சிறு மீனவருக்கு நல்ல படகு கொடுக்கத்தான் வந்தது. ஆனால் இறால் ஏற்றுமதியில் பணம் கொட்டவும், இழுவலைப் படகுகள் பெருகின. இறால் இருப்பது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில். கட்டுமரங்களின் இடமும் அதுவே. 1970களில் சென்னைக் கரையிலும் மோதல்கள் வெடித்தன. 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது: 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. 2001ல் 45 நாள் தடைக்காலம். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுவாரம் அக்காவிடம், "மூணு மைல் உங்களுக்குத்தானேக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "தடை முடிஞ்சா நைட்ல கிட்டவே வருவானுங்க. வலைய அறுத்துட்டுப் போயிடுவானுங்க."

நம் சட்டம் லாஞ்சு எங்கே போகக் கூடாது என்கிறது. அந்த 3 மைல் யாருடையது என்று சொல்லவில்லை. 2024ல் திறந்த புது அங்காடியில் அக்காவுக்கு ஒரு கடை எண் இருக்கிறது. கடலில் அப்படி எதுவும் இல்லை.