மதிலில்லாக் கோட்டையும் கொடுத்த சொல்லும்

அரண் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றோர் நெஞ்சில் தோன்றுவன மதிலும் அகழியும் காவற்காடுமே ஆகும். முற்றுவோர்க்கும் முற்றப்படுவோர்க்கும் உழிஞை என்றும் நொச்சி என்றும் திணை வகுத்துக் கண்டது நம் புறப்பொருள் மரபு. அம்மரபில் தோய்ந்த கண்களோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்கெல்லைப் படைக்கோட்டைகளை நோக்குவோர்க்கு வியப்பே மிஞ்சும். அவற்றுள் பலவற்றிற்கு மதிலே இல்லை. திறந்த புல்வெளியில் ஓர் அணிவகுப்புத் திடல். அதனைச் சூழப் படைவீடுகள், அதிகாரிகளின் இல்லங்கள், பண்டசாலை, மருத்துவமனை, குதிரைக் கொட்டில். கோட்டை எனப் பெயர் பெற்றது இவ்வளவே.

அவ்வகைக் கோட்டைகளுள் புகழ் மிக்கது, வயோமிங் மாநிலத்தின் கிழக்கே, லாரமி ஆறு வடக்குப் பிளாட் ஆற்றோடு கலக்குமிடத்தருகே அமைந்த லாரமிக் கோட்டை. மதிலற்ற அவ்விடத்தை நெடுங்காலம் காத்தது எது, இறுதியில் அதன் பெயருக்கு மாசு சேர்த்தது எது என்று ஆராயின், இரண்டிற்கும் விடை ஒன்றே. அது மனிதர் மனிதர்க்குக் கொடுத்த சொல்.

வணிகர் கையிலிருந்து படைஞர் கைக்கு

1834ஆம் ஆண்டில் வில்லியம் சப்லெட், ராபர்ட் கேம்பெல் என்னும் இருவர் தோல் வணிகத்தின் பொருட்டு மரக்கட்டைகளால் எழுப்பிய சாவடியே இக்கோட்டையின் முதல் வடிவம். 1841இல் அதற்கு மாற்றாகப் பச்சைச் செங்கல்லால் மற்றொன்று எழுந்தது. லக்கோட்டா முதலிய பூர்வகுடி மக்கள் காட்டெருமைத் தோலைக் கொணர்ந்து, துணியும் மணியும் புகையிலையும் பெற்றுச் சென்றனர். பகை மூளாத பண்டமாற்றுக் காலம் அது.

1849இல் அமெரிக்க அரசு அதனை 4,000 டாலருக்கு வாங்கிப் படைத்தளம் ஆக்கியது. ஆரிகனை நோக்கி நிலம் தேடியும், கலிபோர்னியாவை நோக்கிப் பொன் தேடியும் சென்றோரின் வண்டித் தொடர்கள் அவ்வழியே சென்றன. 1850இல் மட்டும் சுமார் 50,000 பேர் கடந்து சென்றனர். அவர்தம் கால்நடைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன; காட்டெருமைக் கூட்டங்கள் விலகிப் போயின; வாந்திபேதியும் உடன் வந்தது. பூர்வகுடிகளின் உள்ளத்தில் அச்சம் குடிகொண்டது இக்காலத்தில்தான்.

கோட்டைக்குள் வாழ்வு

போர் நிகழ்ந்த நாள்கள் சிலவே. போரின்றிக் கழிந்த நாள்களோ பல. துயிலெழுப்பும் கொம்பொலியில் தொடங்கி, விளக்கணைக்கும் கொம்பொலியில் முடிந்தது படைஞனின் ஒருநாள். விறகு வெட்டுதல், நீர் சுமத்தல், சாலை அமைத்தல் ஆகியவையே அவன் செய்த பெரும்பணி. 1870களில் தொடக்கநிலைப் படைஞனின் மாத ஊதியம் 13 டாலர். உப்பிட்ட பன்றி இறைச்சியும் கடின ரொட்டியும் அவரையும் காப்பியும் அவன் உணவு. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வறுமை துரத்த வந்தோர் படையில் மிகுதி. பகைவர் அம்பினும் நோயே எல்லைப்புறப் படைஞரை மிகுதியாகக் கொன்றது.

பெண்டிர் பங்கினையும் இங்குக் குறித்தல் வேண்டும். ஒரு படைப்பிரிவிற்கு நால்வர் என்னும் அளவில் சலவைப் பெண்களை வைத்துக்கொள்ள 1802ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அவர்களுக்கு அரசே உணவுப்படி வழங்கிற்று. துவைத்தும், நோயுற்றோரைப் பேணியும், மகப்பேறு பார்த்தும் கோட்டையை ஓர் ஊராக்கியவர் அவர்களே. 1878இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. அதிகாரிகளின் மனைவியர் சிலர் நூல்கள் எழுதி வரலாற்றில் இடம் பெற்றனர். சலவைப் பெண்களோ பெரும்பாலும் கணக்கேட்டு வரிகளாகவே எஞ்சினர்.

ஒரு பசுவால் மூண்ட பகை

1851ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருங்கூட்டம் ஒன்று கூடிற்று. லக்கோட்டா, செயென், அரபாகோ, குரோ எனப் பல்வேறு இனத்தவர் சுமார் 10,000 பேர் வந்தமையால், அவர்தம் குதிரைகளுக்குக் கோட்டையருகே புல் போதாமல், கிழக்கேயுள்ள குதிரை ஓடைக்குக் கூட்டம் மாற்றப்பட்டது. வழிச்செல்வோர்க்குத் தீங்கில்லை என்று அவர்கள் உறுதி கூறினர். ஆண்டுதோறும் 50,000 டாலர் மதிப்புள்ள பண்டங்களை 50 ஆண்டுகள் வழங்குவதாக அரசு உறுதி கூறிற்று. பின்னர்ச் செனட் அவை அந்த ஐம்பதைப் பத்தாகக் குறைத்தது. கையொப்பத்தின் மை காயுமுன்னரே சொல் சுருங்கத் தொடங்கிவிட்டது.

1854 ஆகஸ்டில் வழிப்போக்கர் ஒருவரின் பசுவை லக்கோட்டா இளைஞன் ஒருவன் கொன்றான். தலைவர் மாத்தோ வயூகி ஈடாகக் குதிரை தர முன்வந்தார். அதனை ஏலாது, கிராட்டன் என்னும் இளம் அதிகாரி 29 படைஞரோடும் இரு பீரங்கிகளோடும் குடியிருப்புக்குள் புகுந்தார். இருதரப்புச் சொல்லையும் எடுத்துரைக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளரோ மது மயக்கத்தில் இழித்துப் பேசினார். தலைவர் சுடப்பட்டு வீழ்ந்தார். கிராட்டனும் உடன்சென்றோரும் அழிந்தனர். ஆநிரை கவர்தலில் போர் தொடங்கும் என்பது வெட்சித் திணை. ஈங்கு ஒற்றைப் பசு தலைமுறைப் பகைக்கு வித்தாயிற்று. மறு ஆண்டில் தளபதி ஹார்னியின் படை நீலநீர் ஓடைக் கரையில் 86 லக்கோட்டாக்களைக் கொன்றது. பெண்டிரும் குழந்தைகளும் சிறைப்பட்டனர்.

புள்ளிவாலின் மகள்

பகைக்கிடையே ஈரமும் இருந்தது. 1866 மார்ச்சு மாதம், ‘புள்ளிவால்’ என்று பொருள்படும் பெயருடைய லக்கோட்டாத் தலைவர் தம் மகளின் உடலைச் சுமந்து கோட்டைக்கு வந்தார். கோட்டையருகே தன்னை வைக்கவேண்டும் என்பது அப்பெண்ணின் இறுதி விருப்பம். தளபதி மேனடையர் உடன்பட்டார். லக்கோட்டா முறைப்படி உயரமான பரண் எழுப்பப்பட்டது. கிறித்தவ மறைப்பணியாளர் வேண்டுதல் உரைத்தார். குளிர் மிகுந்த பயணம் என்பதால் மேனடையர் தம் கையுறைகளைப் பேழைக்குள் வைத்தார். கேட்ட சொல்லும் கொடுத்த சொல்லும் பழுதின்றி நிறைவேறிய அரிய நாள் அது.

எழுதியதும் அழித்ததும்

அவ்வீரம் நிலைக்கவில்லை. அதே ஆண்டு சூன் மாதம், பொன்வயல் செல்லும் போஸ்மன் வழியைக் குறித்துக் கோட்டையில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, அவ்வழியில் புதிய கோட்டைகள் கட்டக் காரிங்டனின் படை வந்து சேர்ந்தது. ‘செம்முகில்’ என்று பொருள்படும் பெயருடைய தலைவர் சினந்து வெளியேறினார். இணக்கம் கேட்டுக்கொண்டே ஆக்கிரமிக்க வந்தோரிடம் பேச அவருக்கு எதுவும் இருக்கவில்லை. டிசம்பர் 21ஆம் நாள் ஃபில் கியர்னி கோட்டையருகே ஃபெட்டர்மன் உள்ளிட்ட 81 பேர் மாண்டனர்.

அரசு இறங்கி வந்தது. 1868இல் கருங்குன்றுகள் உள்ளிட்ட பெருநிலம் லக்கோட்டாக்களுக்கே உரியது என்று லாரமியில் உடன்படிக்கை எழுந்தது. போஸ்மன் வழிக் கோட்டைகள் கைவிடப்பட்ட பின்னரே நவம்பரில் செம்முகில் கையொப்பமிட்டார். வயது வந்த ஆடவருள் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பாமல் நிலத்தின் எப்பகுதியும் பறிபோகாது என்பது அதன் விதி. 1874இல் குன்றுகளில் பொன் காணப்பட்டது. 1877இல், பத்தில் ஒரு பங்கினரே ஒப்பிய ஆவணத்தைக் காட்டிச் சட்டம் இயற்றி, அந்நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது.

1890இல் கோட்டை மூடப்பட்டுக் கட்டடங்கள் ஏலம் போயின. எஞ்சியவை இன்று தேசிய வரலாற்றிடமாகப் பேணப்படுகின்றன. ஆனால் சொல் ஏலம் போகவில்லை. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட அத்தொகையை, நிலம் விற்பனைக்கு இல்லை என்று கூறி லக்கோட்டாக்கள் மறுத்துவிட்டனர். வட்டியோடு வளர்ந்து நூறு கோடியைத் தாண்டிய பின்னும் அது தீண்டப்படாமலே இருக்கின்றது.

ஆண்டிற்கு ஒரு நிகழ்ச்சியென வரைந்து வைத்தல் லக்கோட்டா மரபு. அச்சித்திர வரிசைகள் சிலவற்றில் 1854ஆம் ஆண்டிற்கு உரியதாக மாத்தோ வயூகியின் இறப்பே இடம்பெறுகின்றது. தாளில் எழுதியோர் எழுதியதை மறந்தனர். சித்திரமாய்த் தீட்டியோர் மறக்கவில்லை. பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் நம் வட்டத்துக் கவிஞர்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இது. ஒரு சொல் எத்துணை அழகுடையது என்று கேட்டுப் பழகிய நாம், அது எத்துணைக் காலம் நின்றது என்றும் கேட்போமாக.