அரிசிக் கூப்பன் முதல் வங்கிக் கணக்கு வரை: இரத்தோட்டைக் குடும்பங்களும் அரசின் உதவிப் பணமும்

மாத்தளையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1848ஆம் ஆண்டைக் கடந்து செல்லல் அரிது. தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதிக்கப்பட்டது. வீதிச் சட்டத்தின்படி வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாட்கள் தெரு வேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும். நெல்லும் குரக்கனும் விளைத்துப் பெரும்பாலும் பண்டமாற்றில் வாழ்ந்த கண்டிக் கிராமத்தவனுக்கு மூன்று சிலிங் எங்கிருந்து வரும்? அவ்வாண்டு யூலை இறுதியில் மாத்தளை நகர் தாக்குண்டதும், ஓகஸ்ட் 8ஆம் திகதி புரான் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டதும் பாடநூல்கள் கூறும் செய்திகளே. கலகத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று காசு. அரசு குடியானவனின் முற்றத்துக்குக் காசு கேட்டு வந்த காலம் அது. அதே மலைச்சாரலில் அரசு காசு கொடுக்க வந்த கதையை எழுதுவார் குறைவு. அதனைச் சுருக்கமாகவேனும் ஈண்டு எழுத முற்படுவோம்.

மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது இரத்தோட்டை. மேலே தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காட்டு நிலங்களும், கீழே மிளகும் கராம்பும் கொக்கோவும் கலந்த சிங்களக் கிராமத்துத் தோட்டங்களும், நடுவே முதலாளிமாரின் கடைத்தெருவும் கொண்ட இவ்வூரிற் காசு ஒரே வழியாகப் பாய்வதில்லை. கிராமத்தவனுக்கு மிளகு பழுக்குங் காலத்திற் காசு. ஏனைய மாதங்களிற் கடன். தோட்டத்தவனுக்குப் பத்தாந் திகதி சம்பளம், இருபத்தைந்தாந் திகதி அட்வான்ஸ், இடையிற் கடன். கடைக்காரனுக்கு இவ்விருவரின் கடனே வியாபாரம். வறிய குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு சிறு தொகை யாது செய்யும் என்று ஆராய்வோர் முதலில் இக்கடன் கொப்பியையே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளனைப் பொறுத்தவரையில் காசு என்பது தொடக்கம் முதலே பிறர் கைவழியாக வந்த பொருள். கோப்பிக் காலத்தில் மன்னாரிற் கரையேறி, வடபாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவன் வழிச்செலவுக் கடனோடே தோட்டத்தை அடைந்தான். அக்கடன் பெரிய கங்காணியின் கணக்கில் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணி பெற்ற தலைக்காசும், கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றிய துண்டு முறையும் இதனையொட்டி வளர்ந்தவை. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் அரிசியைத் தோட்டமே கொடுத்து அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும் வழக்கம் நீடித்தது. பெண் பறித்த கொழுந்தின் கூலியை அவள் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்வதும் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாம். உழைத்தவள் கையில் ஒரு ரூபா நோட்டு நேராக வந்து விழுதல் ஒரு காலத்திற் சிறிய நிகழ்ச்சியன்று என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. பர்மாவிலிருந்து அரிசி வரவு நின்றமை அதற்கு உடனடிக் காரணம். போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1953ஆம் ஆண்டு யூலையில் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். அவரே 1966ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து, அவ்வொன்றை இலவசமாக்கினார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டு கொத்து மீண்டும் வாக்குறுதியாயிற்று. இலங்கையிற் கால் நூற்றாண்டு அரசியல் ஒரு கொத்துக்கும் இரண்டு கொத்துக்கும் இடையில் நடந்தது எனின் அது மிகையாகாது.

அக்கால அரிசிக்கு ஒரு சிறப்புண்டு. அது நிபந்தனையற்றது. வேலை செய்தாயா, சேமித்தாயா என்று கூப்பன் கேட்கவில்லை. தலையை மட்டுமே எண்ணியது. எமது பாட்டியார் தமது கூப்பன் புத்தகத்தைச் சாமிப்படத்தின் பின்னே சேலைத்துணியில் முடிந்து வைத்திருந்த கதையைப் பல முறை கூறியுள்ளார். அதே புத்தகம் கடைக்கு அடகு போய் மீண்ட கதையையும் கூறியுள்ளார்; அதனைக் கூறும்போது மட்டும் குரல் தாழும். அரிசியாகக் கொடுத்தாலும் மக்கள் அதனைக் காசாக்கிக் கொள்ளவே செய்தனர் என்பது இதனாற் புலனாகும். மருந்துக்கும் மரணச் செலவுக்கும் அரிசி உதவாது. பங்கீட்டின் வலுவும் குறையும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஒருங்கே வெளிப்பட்டன. உலகச் சந்தையில் தானிய விலை ஏறப் பங்கீடு சுருங்கியது. வீட்டுத் தோட்டத்தில் பலாவும் மரவள்ளியும் வைத்திருந்த கிராமத்தவன் ஒருவாறு சமாளித்தான். நிலமற்ற லயத்து மக்கள் பட்டினியுற்றனர். தோட்டங்களின் மரண வீதம் அக்காலத்திற் கடுமையாக உயர்ந்தது.

1978ஆம் ஆண்டு சனவரியிற் பங்கீடு வறியவர்க்கு மட்டும் என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசி நின்று உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதற் பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோர்க்கு 15 ரூபா; குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம். தாய் தந்தையும் ஐந்து, பத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் கொண்ட ஒரு குடும்பத்துக்கு எல்லாமாக 99 ரூபா 50 சதம் கிடைத்திருக்கும். அரிசியோ மாவோ பாணோ பால்மாவோ, எதனை வாங்குவது என்பதைக் குடும்பம் முடிவு செய்யலாம். பணத்துக்கு ஒரு படி அண்மையில் வந்துவிட்டோம். ஆனால் கொத்து என்பது விலை ஏறினும் கொத்தே. 15 ரூபா என்பது விலை ஏறினால் 15 ரூபாவாக இராது. முத்திரையின் பெறுமதி பல்லாண்டுகள் மாற்றப்படாதிருக்க, சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழ அரைவாசியாகத் தேய்ந்தது. மிக வறிய குடும்பங்களின் உணவு அளவு குறைந்தமையைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. காசாகக் கொடுத்தலை ஆதரிப்போர் (இக்கட்டுரையாசிரியனும் அவர்களுள் ஒருவன்) இவ்வரலாற்றை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

முத்திரை தோட்டத்து வாசலில் தடுமாறியது. ஐவர் கொண்ட குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. கிராமத்தவன் தன் வருமானத்தைத் தானே கூறினான். மிளகு எத்தனை இறாத்தல் விற்றான் என்பதை யார் எழுதி வைத்தார்? தோட்டத் தொழிலாளனின் வருமானமோ செக்ரோலிற் சதம் தவறாது பதியப்பட்டிருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த மகள் என மூவரின் பேர்களையும் கூட்டினால் குடும்பம் எல்லையைக் கடந்துவிடும். அக்கூலியைக் கொண்டு அக்குடும்பம் எவ்வாறு உண்டது என்பது வேறு வினா. கணக்கு அதனைக் கேட்கவில்லை. இவ்வாறு, எழுத்தில் அகப்பட்ட ஏழை வெளியே நின்றான். எழுத்தில் அகப்படாதவன் உள்ளே சென்றான். இரத்தோட்டை போன்ற இடத்தில் ஒரே மலையின் மேற்சரிவிலும் கீழ்ச்சரிவிலும் வாழ்ந்தோர்க்கிடையே இது விளைத்த மனக்கசப்பை எண்ணிப் பார்க்கலாம்.

பின்வந்த திட்டங்களை விரைந்து நோக்குவோம். பிரேமதாச அரசின் சனசவிய 1989இல் தொடங்கியது. மாதம் 2,500 ரூபா என்று அறிவிக்கப்பட்டதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. மீதி 1,042 ரூபா சேமிப்பாகத் தேங்கி இருபத்துநான்கு மாதங்களில் 25,000 ரூபாவாகும். பெறுவோர் உழைப்பும் வழங்குதல் வேண்டும். கொடுப்பவன் கூடவே ஆசிரியனாகவும் மாறிய காலம் இது. 1995இல் வந்த சமுர்த்தியும் கட்டாயச் சேமிப்பையும் கூட்டங்களையும் உடன்கொண்டு வந்தது. தொடக்க ஆண்டுகளிற் பெருந்தோட்டத் துறை பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே விடப்பட்டது. உத்தியோகத்தரின் தயவை நாடி நிற்றல் என்னும் ஒரு புது வேலை வறியவர்க்குச் சேர்ந்தது.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கப்பட்ட 5,000 ரூபா, நிபந்தனை ஏதுமின்றிக் கையிற் காசாகவே வந்தது. அடுத்து 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி. அதன் பின் 2023 யூலை முதல் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் நான்கு பிரிவுகள் இருந்தன; மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. இறுதி இரண்டும் 2025 சனவரி முதல் 10,000, 17,500 என உயர்ந்தன. பணம் நேராக வங்கிக் கணக்குக்குச் செல்லும். எதற்குச் செலவிட்டாய் என்று கேட்பாரில்லை. எண்பது ஆண்டுகளில் கூப்பனின் நிபந்தனையின்மையும் காசின் நெகிழ்ச்சியும் முதன்முறையாக நிலையான ஒரு திட்டத்தில் இணைந்தன எனலாம். கூப்பனின் பொதுமை மட்டும் இணையவில்லை.

இப்பணம் வந்த வீடுகளில் மாற்றம் பெரிய உருவில் தெரிவதில்லை. சில வீட்டாரோடு உரையாடியபோது எமக்குப் புலப்பட்டவை சிறியனவே. கடைக்கொப்பியில் ஏறும் கணக்கு மாதத்தின் நடுவில் ஒருமுறை இறங்குகிறது. பாண் மாத்திரம் உண்ட இரவுகளுள் சிலவற்றிற் சோறும் பருப்பும் வருகின்றன. பாடசாலைக்கு அப்பியாசக் கொப்பி இல்லையென்று பிள்ளை வீட்டில் நிற்கும் நாட்கள் குறைகின்றன. "சுகமில்லாட்டி ஒரு நாள் பேர் போடாம இருக்க முடியுது" என்றார் கொழுந்தெடுக்கும் பெண்மணி ஒருவர். பொருளியலார் இதனை உழைப்புக் குறைவு என்று கணக்கிடக்கூடும். காய்ச்சலோடு மலையேறாதிருத்தலைச் சோம்பல் என்று கொள்ள எமக்கு மனமில்லை.

சும்மா கொடுத்தாற் சோம்பேறியாவர், குடித்தே அழிப்பர் என்னும் வாதம் 1953இலும் இருந்தது, இன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் சேவா அமைப்பு எட்டுக் கிராமங்களில் நடத்திய பரிசோதனை இதற்கு ஒரு விடை. வளர்ந்தோர்க்கு மாதம் 200 இந்திய ரூபா, பிள்ளைக்கு 100. ஓராண்டின் பின் 300, 150. மதுச் செலவு கூடவில்லை. பெண் பிள்ளைகளின் உடல் எடை சீரடைந்தது. கூலிக்குப் போனோர் பலர் தம் நிலத்தில் உழைத்தனர். தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபா வழங்கியது. பெயரிலேயே உரிமை என்னும் சொல்லை வைத்தமை கவனிக்கத்தக்கது. ஆயினும் மத்தியப் பிரதேச உழவனுக்குத் தன் நிலம் என ஒன்றிருந்தது. லயத்தவர்க்கு அது இல்லை. கூலிக்குப் பதிலாக உழைக்க இடமில்லாதவனிடம் வந்த காசு கடனடைக்கும், வயிறு நிறைக்கும். முதலாக மாறுதல் கடினம். ஆகவே காசு நிலத்துக்கு ஈடாகும் என்று இவ்வகை ஆய்வுகளைக் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது.

2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணிப்பின்படி நாட்டில் வறியோர் நூற்றுக்கு 14.3, தோட்டத்துறையில் 33.8. இவ்வேறுபாட்டைக் குறைக்க வேண்டிய திட்டம் குடும்பங்களைத் தெரிந்தெடுப்பது புள்ளிகளால். வீடு, உடைமை, கல்வி, உடல்நலம் முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு எல்லை வகுக்கப்படுகிறது. 2023இற் பெயர்ப்பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. செக்ரோலின் இடத்தைப் படிவம் பிடித்திருக்கிறது. லயத்துக் கூரை தொழிலாளனின் சொத்தன்று. மின்சாரக் கம்பி வந்திருத்தல் செல்வத்தின் அறிகுறியுமன்று. ஒரே காம்பராவில் மணமுடித்த மகனுக்கு ஒரு புறம், பெற்றோர்க்கு மறுபுறம் என இரண்டு அடுப்புகள் எரிகின்றன. படிவத்தில் அவை ஒரு குடும்பமாகப் பதியப்பட்டால், வங்கிக்கு வரும் தொகையை மாமியும் மருமகளும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் எந்த அடுப்புக்கு முதலில் அரிசி வாங்குவது என்பதை அவர்கள்தாம் பேசித் தீர்த்துக்கொள்கின்றனர்.