ரப்பர் கொட்டையும் வெள்ளைக் களிமண்ணும்

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஆடி, ஆவணியில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தால் தலைக்கு மேல் 'டப், டப்' என்று காய் வெடிக்கும். கொட்டையைப் பாறையில் சூடு பறக்க உரசி, பக்கத்தில் நிற்பவன் தொடையில் வைப்பதுதான் அதற்கு நாங்கள் கண்டிருந்த ஒரே உபயோகம். மிச்சமெல்லாம் மண்ணோடு மக்கும். அதற்குள் இருக்கும் எண்ணெயில் வண்டி ஓடும் என்பது வேதியியல் படித்து ஊரை விட்டு வந்த பிறகு தெரிந்த சங்கதி.

2005-ல் கோழிக்கோடு என்.ஐ.டி.க்காரர்கள் இந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்து காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், அதில் சேராமல் தனியாக நிற்கும் கொழுப்பு அமிலமே சுமார் 17 சதவீதம். வழக்கம்போல் மெத்தனாலும் காரமும் சேர்த்தால் சோப்புதான் மிஞ்சும்! அதனால் முதலில் அமிலம், பிறகு காரம் என்று இரண்டு கட்டமாகச் செய்தார்கள்.

இந்தத் தொல்லை இல்லாத வழி ஒன்று முன்பே இருந்தது. 1979-ல் மொபில் கம்பெனியின் வைஸ், ஹாக், ரோட்வால்ட் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: மக்காச்சோள எண்ணெயை, ஏன், ரப்பர் பாலைக்கூட, இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட் மேல் சூடாகச் செலுத்தினால் பெட்ரோல் கிடைக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடியின் சூடு ஆறாத காலம். இந்த ஜியோலைட்டின் துளை சுமார் 0.55 நானோமீட்டர், உள்ளே அமிலக் குணம். கொழுப்பு உடைந்து, ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் ஆக்சைடுகளாகவும் கழன்றுவிடும். துளைக்குள் அடங்கும் மூலக்கூறுதான் வெளியே வரமுடியும். அது ஏறக்குறைய பெட்ரோல் அளவு. கொழுப்பு அமிலம் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. ஆனால் கரி படிந்து துளை அடைபடும். அவ்வப்போது அதை எரித்து எடுக்க வேண்டும்.

இனி திருவனந்தபுரம். பாப்பனங்கோடு வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்! 1975-ல் அங்கே தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடத்தை (பிறகு ஆர்.ஆர்.எல்., 2007 முதல் என்.ஐ.ஐ.எஸ்.டி.) ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. கேரளத்துக் கயோலின் களிமண்ணிலிருந்து ஜியோலைட் செய்யும் வேலை 1990களில் அங்கே நடந்திருக்கிறது. தோன்னக்கல் பக்கம் தோண்டினால் வருமே, அந்த மாதிரி வெள்ளை மண். அதைச் சுட்டு, காரக் கரைசலில் கொதிக்க வைத்தால் ஜியோலைட்-ஏ.

ஆனால் பாருங்கள், கயோலினில் சிலிக்கானும் அலுமினியமும் ஒன்றுக்கு ஒன்று. ஜியோலைட்-ஏயிலும் அப்படியே. அதன் துளை சுமார் 0.4 நானோமீட்டர்தான், கொழுப்பு எட்டிப் பார்க்கவே முடியாது. சோப்புத்தூளில் போட்டால் தண்ணீரின் கடினத்தைப் போக்கும், அவ்வளவுதான். (சுற்றிச் சுற்றி சோப்புக்கே வருகிறோம்.) இசட்.எஸ்.எம்-5 வேண்டுமானால் ஓர் அலுமினியத்துக்குப் பத்துக்கு மேல் சிலிக்கான் தேவை. வெளியிலிருந்து சிலிக்கா சேர்க்க வேண்டும். அதே கூடத்துக்காரர்கள் 2003-ல் உமியிலிருந்து சிலிக்கா எடுப்பது பற்றியும் எழுதியிருக்கிறார்கள். களிமண், உமி, ரப்பர் கொட்டை... மூன்றும் எங்கள் பஸ் போகிற வழியிலேயே கிடக்கின்றன.

போன வாரம் அப்பாவிடம் போனில் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மக்களே, பால் வெட்டவே ஆளு கிடைக்கல்ல. கொட்டைய யாரு குனிஞ்சு பொறுக்கதுக்கு?" என்றார்.