தோட்டத்துச் சைக்கிளின் முன்கவை

சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையைக் கடைக்காரர்கள் ஃபோர்க் என்பார்கள். பாதையிலுள்ள கல்லும் குழியும் தரும் அடி முதலில் ஏறுவது இதன் வழியாகத்தான். அந்த அடியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைக்கும் யோசனை மிகப் பழையது. 1885இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘விப்பெட்’ சைக்கிளில் இருக்கை, கைப்பிடி, மிதி மூன்றும் ஸ்பிரிங்கின் துணையால் சக்கரங்களின் அதிர்ச்சியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தன. அன்றைய சக்கரங்களைச் சுற்றியிருந்தது கெட்டி ரப்பர். மூன்றே ஆண்டுகளில், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பிரிங்கின் வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது. எடையும் இல்லை, செலவும் குறைவு. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சாதாரண சைக்கிளின் முன்கவை அசையாத இரும்பாகவே இருந்தது.

மலாயாவின் தென்முனையிலுள்ள ஜொகூரின் தோட்டங்கள் அந்தக் காற்று டயரால் உண்டானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜொகூரில் விளைந்தவை மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும். காங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்கள் சுல்தானிடம் உரிமை பெற்று ஆற்றங்கரைகளில் காடு திருத்தினார்கள். அந்த நாட்டின் நெடுஞ்சாலை ஆறுதான். பிறகு சைக்கிளும் மோட்டார் காரும் உலகெங்கும் ரப்பர் கேட்டன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை 1890களில் வகுத்துத் தந்திருந்தார். 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதை நெடுகிலும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது.

தோட்டத்துக்குள் இருந்தவை பெரும்பாலும் செம்மண் பாதைகள். வெயிலில் புழுதி, மழையில் வழுக்கும் களி, மேட்டில் வேர், பள்ளத்தில் ஓடையைக் கடக்கப் போட்ட பலகை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்கவும், வெட்டவேண்டிய மர நிரைக்குப் போகவும் தொழிலாளிக்குக் கால்நடைதான். சைக்கிள் முதலில் வந்தது தோட்டத்து எழுத்தரான கிராணியிடமும் கங்காணியிடமும்; அது வாகனம் மட்டுமல்ல, பதவியின் அடையாளமும்கூட. தொழிலாளி வீட்டுச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது பிந்திய காலத்தில். வந்த பிறகு அதற்கு ஓய்வே இல்லை. பால் வாளி, விறகு, அரிசி மூட்டை, பின்னால் பிள்ளைகள், சில நாட்களில் நோயாளி என்று எல்லாச் சுமையும் அதன் கேரியரில் ஏறியது.

அந்தக் கறுப்புச் சைக்கிளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. சக்கரம் 28 அங்குலம். முன்கவை நேராக இறங்காமல் நுனியில் நன்றாக முன்னோக்கி வளைந்திருக்கும். கவை பொருந்தும் தலைக்குழாய் தரையோடு 67, 68 பாகை அளவில் சாய்ந்திருக்கும். நீண்டு வளைந்த மெல்லிய இரும்பு, கல்லில் மோதும்போது சற்றே நெளிந்து கொடுக்கும். சாய்ந்த தலை, பள்ளத்தில் இறங்கும்போது கைப்பிடி வெட்டித் திரும்பாமல் காக்கும். ஆங்கிலேயத் தொழிற்சாலைகள் கரடுமுரடான பாதைகளை நினைத்து வகுத்த இந்த அளவு, செம்மண் மேட்டுக்கும் பொருந்திப்போயிற்று.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. தளபதி யமாஷிதாவின் 25ஆம் படை தெற்கே நகர்ந்த வேகத்துக்கு ஒரு காரணம் சைக்கிள். பிரிவு ஒன்றுக்குச் சுமார் 6,000 சைக்கிள் இருந்ததாக, அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்ட அதிகாரிகளில் ஒருவரான மசானோபு சூஜி எழுதியிருக்கிறார். பாலங்களை ஆங்கிலேயர் உடைத்துவிட்டுப் போனார்கள். லாரி நின்ற இடத்தில் சிப்பாய் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தான். மலாயாவில் ஏற்கெனவே ஜப்பானியச் சைக்கிள்கள் விற்பனையில் இருந்ததால் உதிரிப் பாகத்துக்கும் குறைவில்லை. 1942 ஜனவரி 14 அன்று, ஜொகூர் எல்லையை ஒட்டிய கெமாஸுக்கு அருகே, கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்தார்கள். சில நூறு சைக்கிள் வீரர்களைப் பாலத்தைக் கடக்கவிட்டு, பின்னால் வந்தவர்களோடு சேர்த்து அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது ஒருநாள் வெற்றி. அடுத்த சில நாட்களிலேயே மூவார், பக்ரி, பாரிட் சூலோங் என்று போர் ஜொகூரின் மேற்குக் கரையில் இறங்கியது. ஜனவரி 31 அன்று சிங்கப்பூருக்குப் பின்வாங்கிய ஆங்கிலேயப் படை ஜொகூர்ப் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தது.

வெயிலில் கொதித்த சாலையில் ஜப்பானியரின் டயர்கள் வெடித்தன. ஒட்டுப்போட நேரமில்லாதபோது வீரர்கள் டயரைக் கழற்றிவிட்டு வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையை டாங்கி வருவதாக எதிரிகள் எண்ணிக்கொண்டதாகவும் சூஜி எழுதுகிறார். இருபுறமும் ரப்பர் மரம் நிற்கும் சாலையில் ரப்பர் இல்லாத சக்கரம் உருண்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் டியூப் கிடைக்காத மக்கள் கெட்டி ரப்பர்ப் பட்டையைச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள். டன்லப்புக்கு முந்திய நிலை திரும்பியது, அந்த அடி முழுவதும் மறுபடி கவையிலும் தோளிலும் விழுந்தது. தோட்டத் தமிழர்களில் பலர் அந்த ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை.

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் அதே சைக்கிள் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக்கூடாது என்பதால் தோட்டத்து வாசல்களில் சோதனை நடந்தது. சட்டக்குழாயிலும் காற்றடிக்கும் பம்பிலும் அரிசி ஒளிந்திருக்கலாம் என்று அவற்றையும் திறந்து பார்த்தார்கள்.

அடுத்த காலத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ரப்பர் இருந்த இடத்துக்குச் செம்பனை வந்தது. தொழிலாளியின் சைக்கிளிருந்த இடத்துக்குக் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிள் வந்தது. செம்பனைக் குலை கனமானது, பறித்தவுடன் ஆலைக்குப் போகவேண்டியது. ஆகவே பழைய ஒற்றையடிப் பாதைகளுக்குப் பதில் மேட்டையும் பள்ளத்தையும் சுற்றிச் செல்லும் லாரிப் பாதைகள் வெட்டப்பட்டன. மலைச் சைக்கிள் ஓட்ட வருபவர்கள் இன்று பயன்படுத்துவது பெரும்பாலும் இந்தப் பாதைகளையே. ‘ஜம்போரி’ எனப்படும் கூட்டு ஓட்டங்கள் மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்குள்தான் அதிகம் நடக்கின்றன. லயத்து மக்கள் நகரத்துக்குப் போன பிறகு, நகரத்து மக்கள் சைக்கிளோடு அதே மண்ணுக்கு வருகிறார்கள்.

அவர்கள் கொண்டுவந்த சைக்கிள் வேறு. 1976இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டிப் பந்தயம் நடத்திய கூட்டத்திலிருந்து அது வந்தது. காற்று டயர் மட்டும் போதவில்லை. 1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் சுமார் 48 மில்லிமீட்டர் அமுங்கியது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மலைச் சைக்கிள் போட்டியில் இறக்க ஓட்டத்தை வென்ற கிரெக் ஹெர்போல்ட் அதைத்தான் மாட்டியிருந்தார். அதே காலத்தில் டக் பிராட்பரி உருவாக்கிய ‘மானிட்டூ’ கவையில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர்போல் மீளும் செயற்கைக் கட்டிகள் இருந்தன. 1997இல் இத்தாலியின் மார்சோக்கி ‘பாம்பர்’ வந்தபோது அமுங்கும் தூரம் 100 மில்லிமீட்டரை எட்டியது. இன்று நெடுந்தூர ஓட்டத்துக்கு 100 முதல் 120, காட்டுத்தடத்துக்கு 130 முதல் 150, செங்குத்தான இறக்கத்துக்கு 160க்கு மேல், முழு இறக்கப் பந்தயத்துக்கு 200 என்று பிரிந்துவிட்டது.

தூரம் கூடினால் சுகம் கூடும் என்று எண்ணி நீண்ட கவையை வாங்கிப் பழைய சட்டத்தில் மாட்டுவது எங்கும் காணப்படும் ஆசை. சட்டம் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. கவை 20 மில்லிமீட்டர் நீண்டால் வண்டியின் முன்பக்கம் உயர்ந்து தலைக்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை பின்சாயும். மிதி அச்சு ஏழெட்டு மில்லிமீட்டர் மேலேறும். இறக்கத்தில் தைரியம் வரும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். நீண்ட கவை நெம்புகோலும்தான்: மோதலின் விசை தலைக்குழாய் ஒட்டுமிடத்தில் பெருகி விழும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் உச்ச அளவு குறிப்பது இதனால்தான். தண்டின் பருமன், அச்சின் தடிமனும் அகலமும், சக்கர அளவு, பிரேக் தட்டு என நான்கும் பொருந்தாவிட்டால் நல்ல கவையும் பெட்டியிலேயே கிடக்கும். 1990களின் மலைச் சைக்கிளில் தலைக்குழாய் 71 பாகை நிமிர்ந்திருந்தது. இப்போது புதிய காட்டுத்தட வண்டிகளில் அது 65, 66 பாகைக்குச் சாய்ந்துவிட்டது. கிராணியின் கறுப்புச் சைக்கிளைவிடவும் அது சற்றே சாய்ந்தது. வளைந்த கவை மட்டும் திரும்பவில்லை.

ஜொகூரில் தேர்வு நிலத்தைப் பொறுத்தது. மேற்குக் கரையில் பொந்தியானும் பத்து பஹாட்டும் கரிச்சதுப்பு மிகுந்த தாழ்நிலம். பாரிட் எனப்படும் வடிகால் ஓரத்துச் சமதளப் பாதைக்கு அசையாத கவையே போதும். உள்நாட்டுச் செம்பனை மேடுகளுக்கு 100 அல்லது 120 போதுமானது. அங்கே பெரும்பகுதி மிதிப்பது, கொஞ்சமே இறங்குவது. குளுவாங்கின் லம்பாக், கூலாய்க்கு மேற்கே புலாய் போன்ற குன்றுகளின் வேர் நிறைந்த சரிவில் இறங்குபவருக்குத்தான் 140க்கு மேல் பொருள் உண்டு. எந்த அளவாயினும் ஓட்டுபவரின் எடைக்கேற்பக் காற்றை அளந்து, அவர் ஏறி நின்றதும் மொத்தத் தூரத்தில் நாலில் ஒரு பங்கு அமுங்கும்படி வைப்பது பொதுவான தொடக்க அளவு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. செம்மண் குழம்பு கவைக்காலின் வளையங்களில் ஒட்டி, உலர்ந்ததும் உப்புத்தாள்போல் தேய்க்கும். ஆகையால் இங்கே எண்ணெயும் வளையமும் மாற்றும் இடைவெளி, குளிர்நாட்டுக் கையேடு சொல்வதைவிடக் குறுகியது.